பெரியவர் பொரி தின்னமாட்டார்

வேலை போன எட்டாம் நாள் காலை என் கணவர் வாஞ்சிநாதன் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் ஒரு பெரிய பொரிப் பாக்கெட்டோடு பின்கதவைத் திறந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"குளத்துக்கு."

மகாமகக் குளத்துக்குப் போகிறவர் மாதிரி சொன்னார். நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸை ஒட்டிய காப்பெல்லில். அவர் குளம் என்றது, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டி, நடுவில் ஒரு நீரூற்றும் கரையில் நாலு பெஞ்சும் போட்டு அழகு பண்ணி வைத்திருக்கும் பள்ளத்தை. இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போனது குப்பைத்தொட்டி காற்றில் உருண்டு போன அன்றைக்கு மட்டும்தான்.

எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. சண்டையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இங்கே வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். மாறுவது எங்கள் வீட்டில் ஒரே ஒரு கையெழுத்து வேலை. எனக்கு வேலை இருக்கிறது, என் பெயரிலேயே தனியாக விசாவும் இருக்கிறது. 'நான் ராஜலக்ஷ்மியைச் சார்ந்து இருப்பவன்' என்று சொல்லும் எச்-4 படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருக்கலாம். வேறு கம்பெனி கூப்பிடுகிற வரைக்கும் சம்பாதிக்க முடியாது, அவ்வளவுதான். வக்கீல் மூன்றாம் நாளே படிவத்தை அனுப்பிவிட்டார். நான் அதை அச்செடுத்து, கையெழுத்து போடும் இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.

அவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை ஃபிரிட்ஜைத் திறந்தார். படிவத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் அதன் மேலே எங்கள் மகள் ஸ்ம்ருதியின் பள்ளிக்கூட லஞ்ச் மெனு தொங்குகிறது.

"டிபென்டன்ட்டா? நானா?" என்றார் கேட்டபோது. "இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ், ராஜி. ஒரு மாசத்துல நாலு ஆஃபர் வரும் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் ஏழு பேரை மேய்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கல்யாணமாகி இவர் பின்னால் நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். அதே எச்-4இல் ஒன்பது வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அது வெறும் விசா. "உனக்கென்ன குறைச்சல், ஜாலியா இரு" என்று சொல்லிவிட்டு இவர் பஸ் பிடிக்க ஓடுவார். இப்போது அதே காகிதம் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. இதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போன மனுஷனாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். அது ஜீரணமாகவில்லை.

அன்று சாயங்காலம் விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டு, பசுபதி என்ற ஜோசியரிடம் வீடியோ காலில் பேசியிருக்கிறார். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு அவர் பரிகாரம் சொல்லியிருக்கிறார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சூரியன் வந்த ஒரு மணி நேரத்துக்குள், கிழக்குப் பார்த்து நின்று, ஒரே இடத்தில், மீனுக்குப் பொரி போட வேண்டும். அந்தத் தண்ணீரில் இருப்பதிலேயே பெரிய மீன் ஒரு பொரியாவது வாயில் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் வேலை வீடு தேடி வரும்.

"அதுவரைக்கும் அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடக் கூடாதுன்னும் சொன்னாரா?"

"அவர் சொல்லலை. ஆனா நம்பிக்கையில்லாம பண்ணினா பலிக்காதில்ல?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு முடியும்போது அறுபதில் ஐந்து நாள் மிச்சமிருக்கும். ஐந்து நாளில் வக்கீலுக்கு ஜலதோஷம் வந்தால் இவர் சென்னையில் இருப்பார், நானும் ஸ்ம்ருதியும் இங்கே இருப்போம்.

பொரி போட்ட மூன்றாம் நாள் அவர் பெரிய மீனைக் கண்டுபிடித்துவிட்டார். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் மரப்பலகைத் துறைக்குக் கீழே, நிழலில், அசையாமல் நின்றதாம். முழங்கை நீளமாம். பச்சை உடம்பில் கரியால் இழுத்த மாதிரி ஒரு கோடு, முகமே வாயாக இருக்கிறதாம்.

"எப்படி நிக்கறார் தெரியுமா? அப்படியே எங்க பழைய எம்.டி. மாதிரி. சுத்தி இத்தனை பொடி மீன் பொரிக்கு அடிச்சுக்குது, அவர் திரும்பிக்கூடப் பாக்கலை."

அன்றிலிருந்து அந்த மீனுக்குப் பெயர் 'பெரியவர்'. மரியாதைப் பன்மையிலிருந்து இறங்கவே இல்லை.

பெரியவர் பொரி தின்னவில்லை. உப்பில்லாததால் இருக்குமோ என்று உப்புப்பொரி வந்தது. தின்னவில்லை. இட்லியைப் பிய்த்துப் போட்டார். தயிர்சாதத்தைக் கோலிக்குண்டு அளவில் உருட்டிப் போட்டார். கொண்டைக்கடலை சுண்டலைத் தேங்காய் போடாமல் ஒரு நாள், தேங்காய் போட்டு ஒரு நாள். நான் சனிக்கிழமைக்கு என்று ஊறவைத்திருந்த காராமணியைக் காணோம். கை முறுக்கு போன அன்றைக்கு நான் கத்திவிட்டேன், அது என் அத்தை பார்சலில் அனுப்பியது. எல்லாவற்றையும் பொடி மீன்கள் தீர்த்துக் கட்டின. பெரியவர் துறைக்கடியில் பட்டினிச் சாமியார் மாதிரி நின்றார்.

"அப்பா, திஸ் இஸ் சோ எம்பாரசிங்" என்றாள் ஸ்ம்ருதி. "மை ஹோல் பஸ் கேன் சீ யூ."

"பாக்கட்டும்மா. அப்பா உன் காலேஜுக்குத்தான் போட்டுட்டு இருக்கேன்."

"ஐ திங்க் யூ நீட் அ ஜாப் ஃபார் தட், நாட் ரைஸ்."

குடியிருப்போர் சங்கத்தின் பலகை ஒன்று கரையில் இருக்கிறது. வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள் என்று எழுதியிருக்கும். "இது வாத்தும் இல்ல, அது ரொட்டியும் இல்ல" என்று இவர் அதை ஒரு வக்கீல் மாதிரி படித்தார். இந்த நுணுக்கத்தை விசா விஷயத்தில் காட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

பொரி போட ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார். நேராகக் குளியலறைக்குள் போய் இன்னொரு தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"என்னாச்சு?"

"பெரியவர்... சைவம் இல்ல, ராஜி."

நடந்தது இது. வழக்கம்போலப் பொரியைத் தூவியிருக்கிறார். பொடி மீன்கள் கூடியிருக்கின்றன. அதில் வட்டமாக, கொழுகொழுவென்று, தினமும் முதல் ஆளாக வரும் ஒரு மீனுக்கு இவர் 'குண்டு' என்று பெயர் வைத்து, தனியாக ஒரு பிடி போடுவதுண்டு. குண்டு வாயைத் திறந்தது. அதற்கு முன்னால் பெரியவர் வாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஒரு தடவை வெடித்தது, பிறகு குண்டு இல்லை. மிதந்த பொரி சுற்றிச் சுற்றி வந்ததாம்.

"கடிக்கக்கூட இல்ல. அப்படியே உறிஞ்சிட்டார்."

எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கை வாங்கினால் ஒரு வாரம் பேசாதவர். ஸ்ம்ருதி ஏழு வயதில் மண்புழுவை மிதித்ததற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு நாளாகக் கொழுக்கவைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பலி கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒரு நல்லது, இனி பரிகாரம் முறிந்தது, கையெழுத்து விழும் என்று நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்து வைத்தேன்.

ஜோசியர் பசுபதியைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னாராம்: "பொரியை யார் போட்டது? நீங்க. அது எங்க போச்சு? சின்ன மீன் வயித்துக்கு. சின்ன மீன் எங்க போச்சு? பெரிய மீன் வயித்துக்கு. அப்ப உங்க பொரி பெரிய மீனுக்குப் போய்ச் சேர்ந்துட்டுது சார். ஆனா வாயால நேரா வாங்கினாதான் பூரண பலன். விடாம பண்ணுங்க."

இந்த ஆளை எங்கள் கம்பெனியில் போட்டிருந்தால் ஒரு ஆடிட்டும் எங்களைத் தொட்டிருக்காது.

பரிகாரம் தொடர்ந்தது. ஒரே ஒரு மாற்றம். இப்போது இடது கையால் பொரியைத் தூவுவார். பொடி மீன்கள் வந்ததும் வலது கையால் தண்ணீரைத் தட்டி "போ, போ, ஓடிரு!" என்று விரட்டுவார். சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுத் துரத்துகிற வீட்டை அந்த மீன்கள் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். நடுநடுவே இரண்டு நேர்காணல் வந்தது. ஒன்று மூன்றாம் சுற்று வரைக்கும் போய் நின்றுவிட்டது. இன்னொன்றில் அந்த இடத்தையே எடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள். நாலு ஆஃபரைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. தட்டில் போட்ட இரண்டு தோசையில் ஒன்று திரும்பி வரும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

முப்பத்து மூன்றாம் நாள் பெரியவரைக் காணோம். இவர் துறையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். இல்லை. அதற்குப் பதில் இவர் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே, கரையோரம், முழங்கால் ஆழத் தண்ணீரில் இன்னொரு மீன் நின்றது. அதே சாதி, அதே கரிக்கோடு, அளவில் பாதி. இவர் அதற்குச் 'சின்னவர்' என்று பெயர் வைத்தார். பெரியவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டதாக அவர் கணக்கு.

முப்பத்தாறாம் நாள் ஆபீஸில் நான் மீட்டிங்கில் இருக்கும்போது மூன்று தடவை போன் பண்ணினார். பதறிப்போய் வெளியே வந்து எடுத்தேன்.

"வாங்கிட்டார்! ராஜி, வாங்கிட்டார்! வாயில வாங்கிட்டார்!"

"யாரு? எதை?"

"சின்னவர்! முறுக்கை! நான் போட்டேன், அடில போய் விழுந்துது, அப்படியே வந்து வாயில கவ்விட்டார். இப்பப் பெரியவர் இல்லாததால இவர்தானே இருக்கறதுலயே பெரிசு? பசுபதி சார்கிட்டப் பேசிட்டேன். பூரண பலனாம். ஒரு வாரத்துல வேலையாம், மண்டலத்தை மட்டும் பாதியில விடக் கூடாதாம்!"

மீட்டிங் அறைக்குத் திரும்பிப் போனபோது என் முகத்தைப் பார்த்து மேனேஜர், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, ஒரு மீன் முறுக்கு சாப்பிட்டிருக்கிறது என்று எந்த மொழியில் சொல்வது?

மறுநாள் சனிக்கிழமை. அறுபதில் பதினாறு நாள் மிச்சம். படிவத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஸ்ம்ருதியின் எழுதும் அட்டையில் செருகி, பேனாவோடு நானும் குளத்துக்குப் போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

எதிர்க்கரையில் பத்மராணி அக்கா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு, ஊருக்கே பல் டாக்டர். சனிக்கிழமை கிளினிக்குக்குப் போகுமுன் பேஸ்பால் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் பாஸ் மீன் பிடிப்பார். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார். கொக்கியைக் கழற்றும்போது மீனின் வாய்க்குள் வெளிச்சம் அடித்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்று ஸ்ம்ருதி சொல்லியிருக்கிறாள்.

இவர் கிழக்குப் பார்த்து நின்று ஒரு கை பொரியைத் தூவினார். பொடி மீன்கள் இருபது முப்பது ஓடி வந்தன. சின்னவர் பாய்ந்து ஒரு பக்கம் துரத்தினார். மறுபக்கம் நாலு புகுந்தன. அங்கே பாய்ந்தார். இந்தப் பக்கம் ஆறு புகுந்தன.

"பாத்தியா, எவ்வளவு சுறுசுறுப்பு" என்று இவர் பூரித்துப்போய் ஒரு முறுக்குத் துண்டைப் போட்டார். சின்னவர் அதைக் கவ்வினார். இரண்டடி தள்ளிப் போனார். துப்பினார்.

துப்பியதை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். ஒரு நாளைக்கு முன்னால் சந்தோஷத்தில் அந்தப் பாதியைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"அண்ணை! நிப்பாட்டுங்கோ! பொரி போடாதேங்கோ!" பத்மராணி அக்கா தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையைச் சுற்றி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "என்ன வேலை பாக்கிறியள்? கீழ பாருங்கோ. தாம்பாளம் அளவில வட்டமா ஒரு இடம் வெளிச்சிருக்கு, தெரியுதோ? அதுதான் கூடு. அதுக்குள்ள முட்டை கிடக்கு."

குனிந்து பார்த்தோம். சேற்றுக்கு நடுவில் பெருக்கித் துடைத்த மாதிரி ஒரு வட்டம்.

"வாலால அடிச்சு அடிச்சுக் கூட்டினது. வால் நுனியப் பாருங்கோ, சிவந்து தேஞ்சு போய்க் கிடக்கு. நீங்கள் முறுக்குப் போட, குப்பை எண்டு தூக்கி வெளியில போடுது. தின்னேல்லை. உந்தச் சின்ன மீனுகள் இருக்கெல்லோ, புளூகில், அதுகளுக்கு இந்த முட்டையெண்டா உயிர். நீங்கள் பொரி போட்டு ஊரில உள்ள கள்ளர் எல்லாரையும் அதின்ர வாசலுக்குக் கூப்பிடுறியள்."

இவர் கையிலிருந்த பொரிப் பாக்கெட் தொய்ந்தது. "மேடம், நான் புண்ணியத்துக்குத்தான்..."

"புண்ணியமோ? நல்லாயிருக்கு. இது பாஸ் மீன். சோறும் பொரியும் தின்னுற சாதி இல்லை. மீன், தவளை, இறால் மாதிரி ஒண்டு சேத்துக்குள்ள இருக்கும், அது. ஓடுறதைத்தான் பிடிக்கும். வாத்துக் குஞ்சைக்கூட விடாது."

"இவருமா?"

"இவர் இப்ப ஒண்டும் தின்னார். காவல் முடியுமட்டும் பெரிசாச் சாப்பாடு இல்லை. கிட்ட வாறதைக் கோவத்தில கடிப்பார், விழுங்க மாட்டார்."

"எத்தனை நாளைக்கு?"

"குஞ்சு பொரிச்சு, அதுகள் தனிய நீந்துமட்டும். ரெண்டு மூண்டு கிழமை."

இவர் மறுபடி குனிந்து கூட்டைப் பார்த்தார். பிறகு, "அப்ப இதுகளோட அம்மா எங்க?" என்றார்.

"தாய் முட்டையப் போட்டிட்டு ஆழத்துக்குப் போயிட்டா. களைச்சுப்போய்க் கிடந்திட்டு, பேந்து நல்லாச் சாப்பிடுவா. முட்டை வைக்க முன்னமும் நல்லாத்தான் தின்னிருப்பா. பாஸில பெரிசெல்லாம் பெட்டைதான், அண்ணை. அந்தத் துறைக்குக் கீழ நிண்டது, முழங்கை நீளத்தில ஒண்டு, கண்டிருப்பியளே? அவதான்."

"பெரியவரா?" என்றார் இவர். குரல் கீச்சென்று வந்தது.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். அட்டையில் இருந்தது அந்தப் படிவம். அதைக் கவனித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மராணி அக்கா, கிளினிக்கில் ஒரு ரூட் கெனால் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இன்னும் பதினொரு நாள் பாக்கி. ஒரே இடம் என்பது விதி. பத்தடி தள்ளிப் போட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும், அதற்கு நாள் இல்லை. இவர் போனை எடுத்தார். பசுபதியின் பெயர் திரையில் வந்தது. அந்த ஜோசியர் இதற்கும் ஒரு வழி சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். தண்ணீரில் சின்னவர் இன்னும் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருந்தார். இவர் போனைப் பாக்கெட்டில் போட்டார். பொரிப் பாக்கெட்டின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்.

"போதும்" என்றார்.

நான் அட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் உட்கார்ந்து, பொடி மீன்களை விரட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் என் பொறுமை உடைந்தது.

"மீனுக்காகப் பரிகாரத்த விடுவீங்க. எங்களுக்காக ஒரு கையெழுத்து போட மாட்டீங்க. ஒன்பது வருஷம் நான் இருந்தேனே இதுல! எனக்கு மட்டும் மானம் இல்லாமலா இருந்துச்சு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது அசிங்கம்னு உங்களுக்குத் தோணிச்சா?"

நடைபாதையில் நாயோடு வந்த வெள்ளைக்காரர் திரும்பி வந்த வழியே போய்விட்டார். அட்டையைப் பெஞ்சில் போட்டுவிட்டு நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவர் காலையிலும் மாலையிலும் பொரி இல்லாமல் குளத்துக்குப் போனார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஸ்ம்ருதிதான் செய்தி கொண்டுவந்தாள்: "ஹி ஹேஸ் அ லாங்கர் ஸ்டிக் நவ்." மீனைப் பார்த்து மனுஷன் திருந்தினான் என்று நான் கதை விடமாட்டேன். வியாழக்கிழமை மூன்றாவது கம்பெனியும் இல்லை என்று எழுதிவிட்டது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது என் லஞ்ச் டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக் கழுவினார். மூடியின் ரப்பரைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது, "ராஜி, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். குளத்தங்கரைக்குப் போனோம். கூட்டின் மேல் கடுகைக் கொட்டிய மாதிரி கறுப்பாக ஒரு கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கொசு அளவு. சின்னவர் அதைச் சுற்றி மெதுவாக வந்துகொண்டிருந்தார். இளைத்துப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"பொழைச்சிருச்சுங்க" என்றார் இவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்தார். மஞ்சள் சீட்டு ஈரத்தில் வெளுத்திருந்தது. முழங்காலில் வைத்து, என் பெயர் எங்கெங்கே வருகிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். நான் அதை வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன், மனசு மாறினால் என்ன செய்வது?

எழுந்திருக்கப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ராஜி. அந்த ஒன்பது வருஷம் நான் ஆபீஸ் போனப்புறம்... பகல் முழுக்க நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

கல்யாணமான பதினாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"சொன்னா ரொம்ப நேரமாகும்" என்றேன்.

"எனக்கென்ன, மீட்டிங்கா இருக்கு?"

உட்கார்ந்தேன். நியூ ஜெர்சி அபார்ட்மென்டில், அவர் போன முதல் திங்கட்கிழமை காலை எட்டேகாலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை, போனை எடுக்கவில்லை. ஸ்ம்ருதி பசிக்கிறது என்று இரண்டு தடவை மெசேஜ் அனுப்பிவிட்டு, கடைசியில் தானே மேகி செய்துகொண்டாள். வெயில் தலைக்கு மேலே வந்தபோதும் நான் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.